தூங்குமூஞ்சி மரத்தில் முளைத்த தட்டு

பஸ்ஸுக்கு நிற்கிறவரைப் பார்த்து, ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அறுபதுகளில் சேலையூரில் தனியாகக் குடியிருந்த எனக்கு இது எவ்வளவு பெரிய வசதியாக இருந்தது என்பதை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள்.

கேம்ப் ரோட்டில் என் வாடகை வீட்டுச் சுவரை ஒட்டி, வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. தாம்பரம் போகும் பஸ் அதன் அடியில்தான் நிற்கும். கம்பம் கிடையாது, பெயர் எழுதிய தகரம் கிடையாது. "மரத்தாண்ட எறங்கிக்கோ" என்றால் எல்லோருக்கும் தெரியும். மரத்தடியில் ஒரு டீக்கடை அண்ணன் அடுப்பும் பெஞ்சும் போட்டிருந்தார். தண்டில் முதுகைச் சாய்த்து, கோணியை விரித்து, வேர்க்கடலை விற்கும் அக்கா ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். காலையிலும் மாலையிலும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அந்தந்த வருஷத்துக்குத் தகுந்த பதில் ஒன்று வைத்திருந்தேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டபோது எரிச்சலாக இருந்தது. நிறுத்தியபோதுதான் கொஞ்சம் வலித்தது.

எனக்குப் பேச்சு வேண்டும். பிறவியிலேயே அப்படி. யாராவது ஒரு வார்த்தையைப் புதுவிதமாகச் சொன்னால் அதை நாள் முழுக்க வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே தையல் மெஷின் ஒன்றுதான் சத்தம் போடும். அதையும் நானே மிதிக்க வேண்டும்.

அதனால் சாயங்காலம் முற்றத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நான் இழுத்து இழுத்துச் செய்வேன். சுவர் என் தோள் உயரம். அந்தப் பக்கம், டீ கிளாசும் கையுமாக, கார்டு சார் நின்றிருப்பார்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சில வருஷமாகிறது. ஒரே மகள் திருச்சியில். எங்கள் சபைக்காரர்தான். ஆனால் கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆயிரம் கண். மனைவியில்லாத ஆண் ஒருத்தர், தனியாக இருக்கும் டீச்சர் வீட்டு வாசற்படியை மிதித்தார் என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிரி ஐயர் வரைக்கும் போய்விடும். மரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றால் ஒன்றுமில்லை. அது பொது இடம்.

பஸ் வரும். அவர் ஏற மாட்டார்.

"ஏன் சார்?"

"ஒரே கூட்டம் டீச்சர்."

அடுத்தது காலியாக வரும்.

"இதுல யாருமே இல்லையே. ஏதோ ரிப்பேர் வண்டி போல இருக்கு. ரிஸ்க் எடுக்க வேணாம்."

டீக்கடை அண்ணன் சும்மா இருக்க மாட்டார். "சாரு எங்க பஸ்ஸுக்கு நிக்கிறாரு? பஸ்ஸுதான் தெனம் வந்து சாருக்கு நின்னுட்டுப் போவுது" என்பார். கடலைக்கார அக்கா வாயைப் பொத்திக்கொள்வாள். கார்டு சார் மட்டும் ரொம்பத் தீவிரமாக ரோட்டின் கோடியையே பார்ப்பார். நான் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய செடிக்கே திரும்பவும் ஊற்றுவேன்.

நாங்கள் பேசினதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. எந்த ஸ்டேஷனில் எந்த மாஸ்டர் தூங்குவார், எந்தப் பெண் இரட்டைத் தையல் போட்டு அழுதாள், இவ்வளவுதான். ஆனால் ஒரு நாளில் என்னிடம் ஒரு மனிதர் 'அப்புறம்?' என்று கேட்ட இடம் அது ஒன்றுதான்.

மர நோய் பார்க்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது முற்றத்து மாமரம் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. வெட்டிவிடலாம் என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த விவசாயக் கையேடு ஒன்றை வாங்கி, அட்டை கிழியும்வரை படித்தேன். காய்ந்த கிளையைக் காய்ந்த இடத்தோடு வெட்டக்கூடாது. உள்ளே பச்சை தெரிகிற இடம்வரை இறங்கி வந்து வெட்ட வேண்டும். நைந்த துணியை நைந்த இடத்தில் தைத்தால் நிற்காது, நல்ல துணிவரை கத்தரித்துவிட்டுத்தான் ஒட்டுப் போட வேண்டும். அதேதான். வெட்டின வாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். மண்சட்டியில்தான் குழைக்க வேண்டும், இரும்பு ஆகாது. சுண்ணாம்பு போதுமா என்று பார்க்கத் துடைத்த ஊசி ஒன்றை அதில் தோய்த்து எடுப்பேன். செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். ஊசி வெள்ளையாகவே வந்தால் சரி.

மாமரம் துளிர்த்தது. அவ்வளவுதான், காலனி முழுக்க நான் மரத்துக்கு டாக்டர் ஆகிவிட்டேன். ஞாயிறு மத்தியானங்களில் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில் மாமரம் செக்கச்செவேலென்று வேறு மாதிரிப் பூக்கிறது என்று வீட்டம்மாவுக்கு ஒரே பெருமை. போய்ப் பார்த்தால் கிளை முழுக்கப் புல்லுருவி. "இது உங்க மரத்தோட பூ இல்லீங்க, அதுமேல குடியேறி அதன் சாறை உறிஞ்சுற செடியோட பூ" என்றேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என் கொழுந்தன் குடும்பம் மாதிரின்னு சொல்லுங்க" என்றார். உள்ளே கொழுந்தன் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கிளை வெட்டுவதில் மட்டும் கையேடு சொன்னதை நான் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. தண்டோடு வழுவழுவென்று ஒட்ட வெட்டச் சொன்னது அது. கிளை பிறக்கிற இடத்தில் கழுத்து மாதிரி ஒரு மடிப்புத் தடிப்பு இருக்கும். அதை விட்டுவைத்து வெட்டின காயம் சீக்கிரம் மூடிக்கொள்கிறது; அதையும் சேர்த்துச் சீவின காயம் வருஷக்கணக்கில் வாயைப் பிளந்து நிற்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். பின்னாலேயே காளான். பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். எனக்கு யாரும் சொல்லவில்லை.

போன வீட்டிலெல்லாம் காபி கொடுப்பார்கள். தின்பண்டம் கட்டிக் கொடுப்பார்கள். வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். மரத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, உட்காருங்க என்று யாரும் சொன்னதில்லை.

ஒரு ஐப்பசி கார்த்திகை மழை முடிந்த சமயம். டீக்கடை அண்ணன் சுவருக்கு மேல் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இங்க வந்து பாருங்களேன். மரமே எனக்கு ஸ்டாண்டு போட்டுக் குடுத்துகீது!"

வெளியே போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில், டீக்கடைப் பக்கமாக, தண்டிலிருந்து பாதி தாம்பாளத்தைச் செருகி வைத்தது போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மேலே காபிப்பொடி நிறம். விளிம்பு வெள்ளை. தட்டினால் கட்டை மாதிரி சத்தம். அதன்மேல் அண்ணன் கழுவின கிளாஸ்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"மெய்யாலுமே நல்லா தாங்குது டீச்சர். ஆணி வேணாம், பலகை வேணாம். இன்னும் ரெண்டு விட்டுச்சுன்னா பன் பாட்டிலும் வெச்சிக்குவேன்."

அது காளான். மழைக்கு முளைத்து வெயிலுக்குச் சாகிற குடைக்காளான் இல்லை. வருஷக்கணக்கில் இருந்து கட்டையாகிற ஜாதி. வெளியே தெரிவது பூ மாதிரி. செடி என்று சொன்னால் அது உள்ளே இருக்கிறது, வேரிலும் அடித்தண்டிலும், மரத்தைத் தின்றுகொண்டு. தட்டு வெளியே வந்துவிட்டது என்றால் உள்ளே எப்போதோ பந்தி நடந்து முடிந்திருக்கிறது.

நான் அதை மெதுவாகத்தான் சொன்னேன்.

"அட, நீங்க ஒண்ணு" என்றார் அண்ணன். "மேல பாருங்க, எப்பிடிப் பச்சப்பசேல்னு கீது. சீக்கு வந்த மரமா இது?"

ஏறிட்டுப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. சாயங்காலமாகிவிட்டதால் இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டிருந்தன.

அந்தத் தட்டை மரத்தடிக்கு வருகிற எல்லோரும் கொண்டாடினார்கள். பம்மல் தோல் ஷெட்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கை அதன்மேல் வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்கள். என் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி பரீட்சைக்குப் போகும்போது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கார்டு சார் வேத புத்தகத்தைக்கூட அதன்மேல் வைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார். சில நாள் கிளாஸ்களின்மேல் செங்கல் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருக்கும். அண்ணன் ரோட்டுத் தூசி என்று திட்டிக்கொண்டே துடைப்பார். அது காளானின் விதைத் தூள். ரோட்டின்மேல் பாவம், ஒரு குற்றமும் இல்லை.

என்னால் முடிந்ததைச் செய்தேன். டீத்தூளையும் வெந்நீரையும் அடிமரத்தில் கொட்டாதீர்கள் என்று அண்ணனிடம் சண்டை போட்டு, தண்ணீர் தேங்காமல் ஓடச் சின்னக் கால்வாய் வெட்டச் சொன்னேன். கோணி தைக்கும் நீள ஊசியை எடுத்துப்போய், தட்டுக்குக் கீழே, வேர் மண்ணில் இறங்குகிற இடத்தில் குத்திப் பார்த்தேன். ஊறின ரொட்டியில் இறங்குவது போலக் காதுவரை இறங்கியது. அரை முழம் தள்ளிக் குத்தினேன். நுழையவில்லை, ஊசிதான் வளைந்தது. அப்படியானால் பாதிப்பு ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்து வேர் தாங்க முடியாத பாரத்தை மேலே குறைத்துவிட்டால் மரம் இன்னும் சில காலம் நிற்கும்.

பஞ்சாயத்தில் கேட்டு அனுமதி வாங்கினேன். கிளை வெட்டுகிறவர் ஒருவர் வந்தார். வந்தவுடனே மரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொட்டை அடிச்சிட்லாமா டீச்சர்?" என்றார்.

"நேர்த்திக்கடனா? வேண்டாங்க. ரோட்டுப் பக்கம் நீண்ட கிளையை மட்டும் குறைங்க. முதல்ல அடியில பாதி அறுங்க, அப்புறம் கொஞ்சம் தள்ளி மேலயிருந்து."

"ரெண்டு வேலையாச்சே?"

"ஒரே வேலையா மேலயிருந்து அறுத்தா, கிளை விழும்போது பட்டையை உரிச்சுக்கிட்டுப் போகும். கடைசியில மிச்சக் கட்டையைக் கழுத்தை விட்டுட்டு அறுங்க."

"கழுத்தை வுட்டுட்டுத்தான் அறுக்கணும்னு சொன்ன மொதல் ஆளு நீங்கதான்" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். ஆனால் நன்றாகச் செய்தார். வெட்டு வாயில் தார் பூச டப்பா கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்றேன். தார் பூசின காயத்துக்குள் ஈரம் வெளியேற வழியில்லாமல் புழுங்கிப் போனதை வேறு மரங்களில் பார்த்திருக்கிறேன்.

மரம் நின்றது. ஒரு மழைக்காலம், இரண்டு மழைக்காலம். நானும் அதை மறக்கப் பழகினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் தண்ணீர் வாளியை எடுக்கும்போது தட்டின் பக்கம் பார்க்க மாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கார்டு சார் தொண்டையைச் செருமுவார். அது போதும்.

எழுபதுகள் பிறந்துவிட்டிருந்தன. ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் கடலை வாங்கப் போனேன். கடலைக்கார அக்கா வழக்கம்போலத் தண்டில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, சொகமா இருக்கே?"

"காத்தடிச்சா எனக்குத் தொட்டில்ல படுத்துக்கின மாதிரி கீது டீச்சரம்மா" என்றாள். "தரையே ஆட்டுது. எங்கம்மாகூட என்னை இப்பிடி ஆட்டினது கெடையாது."

கடலைப் பொட்டலத்தை வாங்கின கை அப்படியே நின்றுவிட்டது. அவளை எழுந்திருக்கச் சொல்லி, கோணியை விலக்கிவிட்டு, உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். ஒரு காற்று வந்தது. மேலே கிளைகள் சாய்ந்தன. என் கைக்கடியில் மண் மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்தது. தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி. அவள் முதுகுக்குப் பின்னால், விரல் நுழையும் அகலத்தில் மண்ணில் ஒரு வெடிப்பு. அதற்குள் புதிதாக இன்னொரு தட்டு, குழந்தை கை அளவு, வெள்ளையாக முளைத்திருந்தது.

நல்ல வேர் என்று நான் நம்பியிருந்த பக்கம் அது.

"இன்னா டீச்சரம்மா, எதுனா பூச்சியா?"

"இங்க உக்காராதே அக்கா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடு."

"அங்க வெயிலு மண்டையப் பொளக்குமே!"

"சொன்னாக் கேளு."

என் குரல் அவளைப் பயமுறுத்திவிட்டது போலிருக்கிறது. மறுபேச்சில்லாமல் கோணியைச் சுருட்டினாள். மரத்தடியில் என் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பஸ்ஸுக்கு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னேன். 'டீச்சருக்கு என்னமோ ஆயிடுச்சு' என்று பார்த்தார்கள்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கிளையைக் குறைத்துத் தள்ளிப்போடும் கட்டம் முடிந்துவிட்டது. அடுத்த புயல் மழையில் இந்த மரம் வேரோடு சாயும், அதன் அடியில் யாராவது இருப்பார்கள். இது தெளிவாகத் தெரிந்தது. மரம் போனால் ஸ்டாப்பும் போகும் என்பதும் அதே தெளிவோடு தெரிந்தது. ஸ்டாப் போனால் டீக்கடை போகும். டீக்கடை போனால் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்க யாருக்கும் ஒரு காரணம் இருக்காது.

மறுநாள் கார்டு சாரிடம்தான் முதலில் சொன்னேன். அவரையும் மரத்துக்கு அடியில் நிற்க விடவில்லை. சுவரின் கோடியில், வெயிலில் நின்றார்.

"சார், இந்த மரத்தை எடுக்கச் சொல்லப் போறேன்."

டீயை ஒரு வாய் குடித்தார். "ட்ரிம் பண்ணினாப் போதாதா? போன தடவை பண்ணோமே."

"வேர் விட்டுப் போச்சு சார். மேல எவ்வளவு குறைச்சாலும் பிடிச்சுக்க ஆளில்ல."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"தெரிஞ்சா அதுவரைக்கும் வச்சிருக்கலாமே. தெரியாதுங்கறதுதான் பயம்."

ரோட்டைப் பார்த்தார். "ஸ்டாப்பை ரேஷன் கடைகிட்டக் கொண்டுபோவாங்க."

"ஆமா சார்."

"அது இங்கேருந்து தூரம்."

"தூரம்தான்."

மிச்ச டீயைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "கார்டு வேலையில எங்களுக்கு இருந்தது ஒரே பவர்தான் டீச்சர். சிவப்புக் கொடியைக் காட்டினா வண்டி நிக்கணும். ஏன் காட்டினேன்னு அப்புறம்தான் கேப்பாங்க. திட்டுவாங்க, எழுதிக் கேப்பாங்க, அது வேற." கிளாசைச் சுவர்மேல் வைத்தார். "பொண்ணுங்க நிக்கிற இடம். நீங்க காட்டுங்க."

அன்று வந்த பஸ்ஸை அவரும் நானும் பார்க்கவில்லை.

பஞ்சாயத்து ஆட்கள் வந்தார்கள். மேலே பச்சையைப் பார்த்துத் தயங்கினார்கள். மண்வெடிப்பைக் காட்டினேன், காற்றுக்காகக் காத்திருந்து, தரைமேல் கையை வைக்கச் சொன்னேன். கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டு, "எடுத்துடலாம்" என்றார்.

டீக்கடை அண்ணன்தான் உடைந்துபோனார். "இன்னா டீச்சர் இது பேஜாரு? உங்களை எங்க வூட்டு மன்சி மாதிரி நெனச்சிகினு இருந்தேனே. இந்த மரத்தாலதான் என் புள்ளைங்க ரெண்டு வேளை துன்னுதுங்க."

"அண்ணே, உங்க மேலதான் விழும்."

"வுழட்டுமே. வுழுந்தாத் தெரியும்ல?"

விழுந்தால்தான் நான் சொன்னது நிஜமாகும். விழாமல் தடுத்தால், விழுந்திருக்காது என்றே ஆகிவிடும்.

அப்படித்தான் ஆயிற்று. ஆட்கள் கயிறு கட்டிக் கிளைகளை இறக்கி, இரண்டு பேர் பிடித்து இழுக்கும் ரம்பத்தால் இடுப்பு உயரத்தில் தண்டை அறுத்தார்கள். ஊரே கூடிப் பார்த்தது. மரம் சாய்ந்ததும் எல்லோரும் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது வெட்டின முகத்தைத்தான். நடுவில் கறுப்பு, சுற்றிலும் மஞ்சள், வைரம் பாய்ந்த கட்டை. ஓரத்தில் ஒரு உள்ளங்கையளவு மட்டும் பஞ்சு போல வெளுத்திருந்தது.

"இரும்பு மாதிரி கீது!" என்றார் ஒருவர்.

டீக்கடை அண்ணன் அதன்மேல் ஓங்கித் தட்டினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என் பேரன் காலத்துக்கும் நின்னிருக்கும்."

"நோய் வேர்ல அண்ணே, இங்க இல்ல" என்றேன். கூட்டத்தில் யார் காதில் விழுந்ததோ. மரத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. நோய் உள்ளே என்று சொன்னால் தண்டுக்குள்ளே என்று நினைத்துக்கொள்கிறார்கள். மண்ணுக்குள்ளே யாரும் பார்ப்பதில்லை. அடிக்கட்டையைத் தோண்டக் காசில்லை என்று விட்டுவிட்டுப் போனார்கள். நானே ஆள் வைத்துத் தோண்டிக் காட்டியிருக்கலாம். தோன்றியது. அதனால் என் பேச்சு நிலைநிற்கும். அந்தச் சாயங்காலப் பேச்சு திரும்பி வராது. விட்டுவிட்டேன்.

ஸ்டாப் ரேஷன் கடைக்குப் போனது. டீக்கடையும் போனது. அண்ணன் அங்கே தகரக் கூரை போட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடந்ததாம். கடலைக்கார அக்கா மட்டும் போகிற வழியில் கேட்டுக்கு வெளியே நின்று, "இன்னா டீச்சரம்மா, வெறிச்சினு கீது?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

வெறிச்சென்றுதான் இருந்தது. மேற்கு வெயில் நேராக முற்றத்தில் விழுந்தது. சுவரில் கை வைக்க முடியாது. நிழலிலேயே வளர்ந்த என் மாமரத்துக்கு அந்தப் பக்கத்துப் பட்டை வெந்து வெடித்தது. வெடிப்பு வழியாகத் தண்டு துளைக்கும் புழு ஏறிவிடுமே என்று, சுண்ணாம்பைக் கரைத்து அடிமரம் முழுக்க அடித்தேன். சாயங்காலம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கப்புறம் இருட்டும்வரை இவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. சத்தத்துக்காக மெஷினில் வெறும் நூல் கோத்து, பழைய துணியில் நேர்கோடாகத் தைத்துக்கொண்டே போவேன். தைத்ததைப் பிரிப்பேன்.

கார்டு சாரைக் கோயிலில் பார்ப்பேன். வலது பக்கம், மூன்றாவது வரிசை. தலையை அசைப்பார். நானும் அசைப்பேன்.

சில மாதம் இப்படியே போனது. மழை முடிந்து, ஒரு சனிக்கிழமை காலை, கேட்டுக்கு வெளியே தெருவே கேட்கும்படி ஒரு குரல்.

"டீச்சர்! எங்க வீட்டு எலுமிச்சைக்கு என்னமோ நோய்!"

கார்டு சார் கேட்டைவிட்டு ஓரடி தள்ளி நடுவெயிலில் நின்றிருந்தார். கையில் ஒரு இலையைக் கொடி மாதிரித் தூக்கிப் பிடித்திருந்தார். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். கார்டு சார் அந்தப் பக்கமும் இலையைத் திருப்பிக் காட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். சொறி. மஞ்சள் வளையத்துக்குள் தக்கை மாதிரிப் புள்ளிகள். "பாதிச்ச சுள்ளியெல்லாம் வெட்டி எரிச்சிடுங்க சார். மழையில்லாத நாளாப் பார்த்து வெட்டுங்க, ஈரத்துல வெட்டினாப் பரவும்."

"எவ்வளவு வெட்டணும்?"

சொன்னேன். "சரி" என்றார். "அப்புறம்?"

அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! மயில்துத்தக் கலவையைப் பற்றி, தேவைக்கு மூன்று மடங்கு விளக்கமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு சுருண்ட இலையோடு வந்தார். உள்ளே வெள்ளிக்கோடு போட்டது போலப் புழு ஊர்ந்த தடம். அதற்கடுத்த வாரம் வெளிறின இலை. அப்புறம் எறும்பு ஏறின இலை. ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கு வெளியேதான் நிற்பார், உரக்கத்தான் பேசுவார். இலையைப் பார்த்து முடிக்கிற நேரம்தான் எங்களுக்கு. எனக்குக் கண் மங்கலாகிவிட்டது போல இலையை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன்.

ஒரு வாரம் அவர் கொடுத்த இலையைத் திருப்பினேன். அடியில் ஒன்றுமில்லை. மேலேயும் ஒன்றுமில்லை. விளிம்பு, காம்பு, நரம்பு, எல்லாம் சுத்தம். பளபளவென்று கரும்பச்சையாக, கிள்ளினால் வாசனை வருகிற இலை. அவருடைய மரம் குணமாகிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் ரோட்டின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது… கொஞ்சம் கவனிக்க வேண்டியதுதான் சார்" என்றேன். "வேப்பம்புண்ணாக்கு கரைச்சு ஊத்துங்க. அடுத்த வாரமும் ஒரு இலை கொண்டாங்க, பாக்கலாம்."

"கொண்டாரேன்" என்றார். நல்ல மரத்துக்கும் வேப்பம்புண்ணாக்கு கெடுதல் செய்யாது.

அந்த மரத்தை நான் ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் பார்த்தேன். போய்ப் பார்த்ததில்லை, எந்த மூலையில் நின்றது, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் தெரியாது. வாரம் ஒரு இலையாகத்தான் தெரியும்.

கடைசியாக ஒரு சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தார். மகள் திருச்சிக்கு வந்துவிடச் சொல்லிவிட்டாளாம். முழங்கால் வலிக்குத் தனியாக இருக்க முடியாதாம். வீட்டை ஒழித்தாயிற்று, ஞாயிறு ராத்திரி வண்டி. இதை அவர் உரக்கச் சொல்லவில்லை.

"உள்ள வாங்க சார்" என்றேன்.

எதிர்வீட்டு அம்மா வாசலில்தான் நின்றிருந்தார். கார்டு சார் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, படியேறி வந்தார். ஊரைவிட்டுப் போகிறவரை உள்ளே கூப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் உட்கார இரண்டாவது இருக்கை கிடையாது. மெஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, காபி போட்டுக் கொண்டுவந்தேன்.

டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்குமாக ஆற்றினார். என் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். மெஷின், பெட்டி, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சுவர்.

"அந்த எலுமிச்சைக்கு ரொம்ப நாளா ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றார்.

"தெரியும் சார்."

தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடியும் ஆற்றத் தொடங்கினார். காபியில் ஆவி நின்று எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. அவர் ஆற்றிக்கொண்டே இருந்தார். நானும், ஆறட்டும் என்று எதிரே நின்றுகொண்டிருந்தேன்.